கிளச்சை மிதிக்கிறவர்

பொம்மையன் பஸ்ஸை நிறுத்த மாட்டார். நிறுத்துகிற மாதிரி வருவார். வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஏறுகிறவர்கள் ஏறி, இறங்குகிறவர்கள் இறங்கிவிட வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வழியாகக் குஜிலியம்பாறை போகிற தனியார் பஸ் அது. வாத்தியார் வேலைக்காக நாலு வருடமாக நான் அதில்தான் போய்வருகிறேன். தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று ஊரே ஏசும். என் வாயும் சும்மா இருந்ததில்லை.

அவருக்கு ஏழு வருடத்துக்கு முன் இடது தொடை இடுக்கில் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருக்கிறது. குடல் மறுபடி பிதுங்காமலிருக்க உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். ஆறு மாதம் நன்றாக இருந்தது, பிறகு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, நரம்பு வலியாக இருக்கும் என்று மாத்திரை எழுதினார்கள். போட்டால் கண் சொக்குகிறது. ஸ்டியரிங் பிடிக்கிறவர் அதை எப்படிப் போடுவது? கிளச்சை அழுத்தும்போதெல்லாம் இடுக்கில் ஊசி ஏறும். நிறுத்தினால்தானே கிளச்? நிறுத்துவதையே விட்டுவிட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது; அப்போது கண்டக்டர் ஜமால் முகமதுக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை.

போன மாசியில் ஒரு காலை, ரைஸ்மில் ஸ்டாப்பில் கத்தரிக்காய் விற்கப் போகிற அய்யம்மாள், கூடையோடு ஏறும்போது கால் தவறி விழுந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது. பெண்கள் டிரைவர் கதவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“எறங்குடா கீழ!”

பொம்மையன் இறங்கினார். தூக்கிவிடப் போனவர் குனிய முடியாமல் அய்யம்மாள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

“மன்னிச்சுக்கங்கக்கா. கிளச்ச மிதிச்சா உசுரு போகுது. ஆபரேசன் பண்ண எடம். ஆறேழு வருசமா இப்படித்தான்.”

அய்யம்மாள் காலைப் பிடித்தபடி முறைத்தார். “திமிரு புடிச்சவன்னு அம்புட்டு வஞ்சிருக்கேன். வாயத் தொறந்து சொல்றதுக்கென்னய்யா?”

“சொன்னா வண்டிய விட்டு எறக்கிருவாகக்கா. ரெண்டு பொம்பளப் புள்ளைக படிக்குதுக.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு ஸ்டாப்பிலும் முழுதாக நிறுத்தினார். மிதிக்கும்போது பல்லைக் கடிப்பது கண்ணாடியில் தெரியும். குஜிலியம்பாறை போய்ச் சேரும்போது காக்கிச் சட்டை நனைந்திருக்கும். இஞ்சின் அணைத்த பிறகும் சீட்டை விட்டு எழ நேரமாகும்.

பத்தாம் நாள் ரைஸ்மில் ஸ்டாப்பில் ஒருவரும் இல்லை. அடுத்த பால் சொசைட்டியிலும் இல்லை.

“பாத்தியா ஜமாலு, நம்ம வண்டியே வேணாம்னுட்டாக” என்றார் பொம்மையன். முதலாளிக்குக் கம்ப்ளெயிண்ட் போயிருக்கும், வேலை அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

அதற்கடுத்த ஸ்டாப்பான விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில், மொத்தச் சனமும் நின்றது. தன் வாசலுக்கு நேராகத்தான் பஸ் நிற்க வேண்டும் என்று மல்லுக்கட்டுகிற ரைஸ்மில் ஆட்களும் சொசைட்டி ஆட்களும் ஒன்றாக நடந்து வந்திருந்தார்கள். முன்னால் காலில் கட்டோடு அய்யம்மாள். கூடையை வேறொருத்தி சுமந்திருந்தாள்.

பஸ் நின்றது. அய்யம்மாள் கம்பியைப் பிடித்து மெல்ல ஏறினார்.

“மூணு ஸ்டாப்புக்கும் சேத்து ஒரே மிதியா மிதிச்சுட்டயாய்யா? இனி தெனமும் இங்ஙனதான் நிப்போம். எடு வண்டிய.”

பொம்மையன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவே இல்லை. ஜமாலும் விசிலடிக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கிளச்சை மிதித்தார். குஜிலியம்பாறைக்கு இன்னும் பத்தொன்பது ஸ்டாப் இருந்தது.