குப்பை இல்லாத வீடு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தவமணியின் லயத்து வீட்டுக்குப் பிரதேச சபையிலிருந்து குப்பையைப் பிரித்துப் போட மூன்று பைகள் கொடுத்தார்கள். சமையல் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள். புதன்கிழமை குப்பை டிராக்டர் வந்தபோது மூன்றும் காலியாகவே இருந்தன. அவள் வீட்டில் காய்த்தோலை மாடு தின்னும், கடதாசி அடுப்பெரிக்கும், உடைந்த வாளியில் மிளகாய்ச் செடி வளரும்.

"குப்பை எங்கம்மா?" என்று கேட்டார் டிராக்டரோடு வந்த அதிகாரி நிமலன்.

"இல்லைங்க ஐயா."

"குப்பை இல்லாத வீடு உண்டா? ஒளிக்காதீங்க" என்றவர், படிவத்தில் 'ஒத்துழைப்பில்லை' என்று எழுதிக்கொண்டார்.

முப்பது வருஷத்தில் ஒருநாள்கூடக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தாத தவமணிக்கு அவமானமாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் தோட்டத்துத் துரையின் பங்களாவின் பின்கதவில் போய் நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் குப்பை குடுங்க."

சமையல்காரர் வீரய்யா சந்தோஷமாக இரண்டு மூட்டை கொடுத்தார். அவள் உட்கார்ந்து தரம் பிரித்து மூன்று பைகளையும் நிரப்பினாள்.

மாதக் கடைசியில் தோட்டத்திலேயே சிறந்த வீடு என்று அவளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. "இப்பத்தான் திருந்தியிருக்கீங்க" என்று நிமலன் மனதாரப் பாராட்டினார்.

அடுத்த செவ்வாய் பங்களாவின் பின்கதவில் பதினோரு லயத்துப் பெண்கள் தங்கள் பைகளோடு நின்றார்கள்.

"தள்ளாதீங்க" என்று வீரய்யா கத்தினார். "இருக்கிறதே நாலு மூட்டை. ஆளுக்குக் கொஞ்சந்தான்!"