பத்துக்கு எத்தனை?

பென்சில் மிஸ்ஸை எங்கள் பள்ளிக்கு அனுப்பியது ஒரு கலை அமைப்பு. வாரத்துக்கு இரண்டு பீரியட், அறிவியல் கூடத்தின் மூலையில் ஓவிய வகுப்பு. நாற்பத்தாறு வயது, படுத்த படுக்கையாகக் கணவர், பதினோரு வருடமாகப் பள்ளி பள்ளியாக அலைச்சல். நான் கணக்கு டீச்சர். "படம் வரைஞ்சு என்னத்தக் கிழிக்கப்போகுதுங்க?" என்று அவள் காதுபடவே சொன்னவள். என் வாய்க்குப் பூட்டுத்தான் போட வேண்டும்.

வந்ததும் ரப்பர்களையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டாள். வருடம் முழுக்க ஒரே பாடம்: அவரவர் இடது கை.

"மனசுல இருக்கிற கைய வரையாத. எதிர்ல இருக்கிற கையப் பாரு."

தொடக்கத்தில் எல்லாக் கையும் ஐந்து வெண்டைக்காயை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. கடைசியில் நகத்து அழுக்கைப் பார்த்தே எந்தப் பிள்ளையின் கை என்று சொன்னேன். பொய்யில்லை, அசந்துபோனேன்.

அமைப்புக்கு ஒரு படிவம் உண்டு. 'உனக்கு எவ்வளவு நன்றாக வரைய வரும்? பத்துக்கு எத்தனை?' வருடத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. சராசரி ஏறினால்தான் அடுத்த வருடம் வகுப்பு. முதலில் எல்லாரும் ஒன்பது, பத்து. பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு நான்கு, மூன்று. ஒருத்தி இரண்டு போட்டு, 'கட்டைவிரல் இன்னும் வரல' என்று எழுதியிருந்தாள். கணக்கு கணக்குதானே என்று கூட்டி, பென்சில் மிஸ்ஸிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அன்றே அனுப்பிய புத்திசாலி நான்தான்.

'மாணவர் திறன் பாதிக்கும் கீழாகக் குறைந்துள்ளது. வகுப்பு நிறுத்தப்படுகிறது' என்று கடிதம் வந்தது. அமைப்புக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"படத்தப் பாத்தீங்களா சார்?"

"படத்துக்குப் படிவத்துல இடமில்ல மேடம்."

பென்சில் மிஸ் கடிதத்தை மடித்தாள். "விடுங்கக்கா. பிள்ளைங்க சரியாத்தான் போட்டிருக்குங்க" என்றாள். வேறெந்தப் பள்ளிக்கும் அமைப்பு அவளை அனுப்பவில்லை. இப்போது திரைச்சீலைக் கடையில் துணி அளக்கிறாள்.

இந்த வருடம் களிமண் வேலை சொல்லிக்கொடுக்க அதே அமைப்பிலிருந்து வேறொரு பெண் வந்திருக்கிறாள். முதல் நாளே அதே படிவம். வாங்கிப் பார்த்தால் வகுப்பு முழுக்க முட்டை. கட்டைவிரல்காரியைக் கூப்பிட்டு, "என்னடி இது?" என்றேன்.

"இப்ப முட்டை போட்டாத்தான் டீச்சர் கடைசியில ஏறும். நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். இந்த மிஸ்ஸாவது இருக்கட்டும்."