கிடங்கின் வாயில் கிடந்த முள்

2003-ல் நான் அரியலூரில் கல்லூரி மாணவன். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரிக் காட்டுக்குள் உலகப்போர்க் காலத்து ராணுவக் கிடங்கு இடிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, கேமராவோடு போனேன்.

சுவர்கள் பாதிதான் மிச்சம். பெட்ரோல் பீப்பாய்கள் வைத்திருந்த ஆழமான சிமென்ட் குழியை, மேடு போல முள் போட்டு மூடியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரலாற்றைக் குப்பைமேடாக்கி வைத்திருக்கிறார்களே! கை கிழியக் கிழிய அத்தனை முள்ளையும் இழுத்தெறிந்தேன். படம் எடுத்தேன், கிளம்பிவிட்டேன். ‘கவனிப்பாரற்ற கிடங்கு’ என்று அடியில் எழுதி, கல்லூரி மலருக்குக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து நண்பர்களுக்குக் காட்டப் போனால், குழிமேல் மறுபடியும் முள். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் என்னை முறைத்தார். அவர் காலடியில் சினையாடு ஒன்று, ஒடிந்த காலில் மூங்கில் பத்தை கட்டிப் படுத்திருந்தது.

“முள்ள எடுத்தது நீங்கதானா? ஆடு, புள்ளைங்க உழுந்துடக் கூடாதுன்னு, எங்க மாமியா காலத்துலேருந்து இந்தப் பக்கம் வர்றவங்க ஆளுக்கொரு முள்ளு வெட்டிப் போடுவோம். திரும்பப் போட்டிருந்தா கொறஞ்சா போயிடுவீங்க?”

“ஒரு போர்டு வெச்சிருக்கணும்!” என்று எகிறினேன்.

“ஆட்டுக்குப் படிக்கத் தெரியுமா சார்?”

நண்பர்கள் சிரித்தார்கள். அப்போதும் எனக்கு அவர் மேல்தான் கோபம். வீம்பில் அந்த வரியை மாற்றாமல் விட்டேன். அப்படியே அச்சில் வந்தது. மலரை இன்று எடுத்தாலும் கிழித்துப்போடத் தோன்றுகிறது. அத்தனை வருஷத்தில் அந்தக் கிடங்கைக் கவனிக்காமல் விட்டுப்போனவன் நான் ஒருவன்தான்.