துரைசாமி அண்ணன் குடித்துச் சாகவில்லை

துரைசாமி அண்ணன் இறந்துவிட்டார்.

காலையில் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வரி... "நம்ம கட்டிங் மாஸ்டர் துரைசாமி காலமானார்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதற்கும் கீழே ஒருத்தர் போட்டிருந்தார், "சொன்னாக் கேட்டாத்தானே... குடிச்சே போய்ட்டாப்ல."

அந்தக் கமெண்டைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனியில் நான் செக்கிங்கில் சேர்ந்ததிலிருந்து அவரைத் தெரியும். வடக்கத்திக்காரர்களோடு பழகி ஹிந்தி கற்றுக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்வார். கற்றுக்கொண்டது என்னவோ, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற "கானா காயா?" மட்டும்தான்.

மதியம் ஆனால் யாரைப் பார்த்தாலும் அதைக் கேட்பார். முதலாளியிடமும் கேட்பார். அவரும் "காயா, காயா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

குடிப்பார். தினமும். காலையில் வேலைக்கு வரும்போதே கொஞ்சம் உள்ளே போயிருக்கும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் மனைவி சரசு அக்கா ஒருமுறை கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டார். அதோடு அண்ணன் குடியை நிறுத்தினார். சொட்டுக்கூடத் தொடவில்லை. எல்லோரும் கை கொடுத்தார்கள்.

அந்த வாரமே கட்டிங் டேபிளில் நின்றுகொண்டு, வெள்ளைத் துணி மேல் எறும்பு ஊர்கிறது என்று தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். அங்கே எறும்பே இல்லை. சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை. கை நிற்கவே இல்லை.

பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் காத்துக் கருப்பு என்றார்கள். எங்கள் கம்பெனி நர்ஸ் மட்டும்தான் சத்தம் போட்டு வண்டியை எடுக்க வைத்தார். நானும் கூடப் போனேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார். வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு, சட்டென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். வலிப்பு வரலாம். உயிரே போகலாம். மாத்திரை கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

மனச்சோர்வும் இருக்கிறது, அதற்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்.

பார்த்தார்கள். தேறிவிட்டார்! முகம் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்து... ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தார்.

அந்த நாட்களில் டீ குடிக்கும்போது ஒருநாள், நான் கேட்காமலேயே சொன்னார். "சந்தோசத்துக்குக் குடிக்கறேன்னு நெனச்சுட்டாங்க அம்மிணி. கடசியில கை நடுக்கம் நிக்கோணும்னுதான் குடிச்சேன். குடிச்சாத்தான் கத்திரியப் புடிக்க முடியும்னு ஆயிப்போச்சு."

அப்புறம் ஆரம்பித்தது மற்றவர்கள் வேலை.

சரசு அக்காவின் அண்ணன் ஊட்டுக்கு வந்திருந்தபோது மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறார். இது பைத்தியக்காரர்கள் சாப்பிடுகிறது, குடியைத்தான் விட்டாச்சே, இன்னும் எதுக்கு என்று குப்பையில் போட்டுவிட்டார். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். மனநல டாக்டரிடம் போகிறார் என்று வெளியே தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள் என்று பயம் வேறு.

மாத்திரை நின்றது. தூக்கம் போனது. பேச்சு குறைந்தது.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் பார்ட்டி. ஒரு பீர்தானே மாஸ்டர், ஒன்றும் ஆகாது என்று கையில் திணித்தார்கள். திணித்தவர்களில் ஒருத்தர்தான் இன்றைக்கு அந்தக் கமெண்ட் போட்டவர்.

அவ்வளவுதான். மறுபடியும் பழையபடி.

நர்ஸ் எத்தனையோ முறை சொன்னார், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க அந்த டாக்டரப் போய்ப் பாக்கறது?" என்று கேட்டார். குடி திரும்ப வருவதும் இந்த வியாதியில் உண்டு, டாக்டர் திட்ட மாட்டார் என்று சொன்னோம். தலையை ஆட்டினார். போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று லீவு சொன்னார். காய்ச்சல் இல்லை. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் நிறுத்திக் காட்டுகிறேன் என்று, பூண்டியில் இருக்கிற அவர் ஊட்டில் தனி அறையில் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

மச்சான்காரர் வெளியே உட்கார்ந்து, ரோசம் வந்துவிட்டது, ஆம்பளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாராட்டிக்கொண்டிருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. கதவை உடைத்துப் பார்த்தால் வலிப்பு. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் ஐசியூ. கண் திறக்கவே இல்லை. இன்று விடியற்காலையில்...

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கேயும் அதே பேச்சு. பந்தலில் உட்கார்ந்து காபியைக் குடித்துக்கொண்டே, குடி கெடுத்துவிட்டது, பொண்டாட்டி பிள்ளையை நினைக்கவில்லை என்று.

சரசு அக்கா அதுவரை அழக்கூட இல்லை. சடாரென்று எழுந்து பந்தலுக்கு வந்தார்.

"அவரு குடிக்கலீங்க. வெள்ளிக்கெழமையில இருந்து ஒரு சொட்டுத் தொடலீங்க. வுடோணும்னுதானுங்க உள்ள போய்ப் படுத்தாரு."

ஒருத்தர் போனை எடுத்துப் பார்த்தார். அந்த மச்சான்காரர் சாமியானா கயிற்றைச் சரி செய்யப் போய்விட்டார்.

உங்கள் ஊட்டில் தினமும் குடிக்கிற ஆள் நிறுத்துகிறேன் என்று சொன்னால், தயவுசெய்து அறைக்குள் விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கை நடுங்கினால் சிரிக்காதீர்கள்... இதற்கு மேல் எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

மதியம் எடுத்துவிட்டார்கள்.

துரைசாமி அண்ணா... நீங்கள் விடத்தான் பார்த்தீர்கள். எனக்குத் தெரியும்.