நாடி அக்காவின் உள்ளங்கை

சென்சாரைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, கூடவே இடது கண்ணையும் மூடிக்கொள்கிறார். திறந்திருக்கும் ஒற்றைக் கண் திரையில் இருக்கிறது. அங்கே ஓர் எண் சோம்பேறித்தனமாக ஏறுகிறது. "ம், இதுதான் மேல்தட்டு," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு ஃபைலில் ஒரு வரி அடிக்கிறார். பிறகு அடுத்த சென்சார், மறுபடி மூடிய கை, மூடிய கண். மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கான சர்க்யூட் போர்டு அது. உள்ளங்கைச் சூட்டைக் கொடுத்துப் பார்க்காமல் எந்தச் சென்சாருக்கும் பெயர் எழுதமாட்டார். மருத்துவக் கருவிகள் செய்யும் அந்தக் கம்பெனியில் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் நாடி அக்காதான்.

பத்திரிகைக்கு எழுதப் போயிருந்த நான், என்ன வேலை என்று கேட்டேன். "அறிமுகம் செஞ்சு வைக்கிற வேலை" என்றார்.

"பென் டிரைவ் இருக்கே, அது வாயாடி. சொருகின உடனே நான் யாரு, என் கம்பெனி எது, எல்லாத்தையும் கொட்டிடும். சீரியல் போர்ட்ல தொங்கற சென்சார் அப்படி இல்ல. விசேஷ வீட்ல மூலை நாற்காலில உக்காந்திருக்கற ஒண்ணுவிட்ட மாமா மாதிரி. யாராச்சும் கையப் பிடிச்சு, 'இவர் இன்னார், இந்த வேகத்துல பேசுவார்'னு சொன்னாத்தான் உண்டு."

அவர் எழுதுவது போர்டு ஃபைல். எந்தச் சீரியல் போர்ட்டில் எந்தச் சென்சார், என்ன வேகம், எந்த இடத்தை அளக்கிறது என்று அதில் இருக்கும். மெஷின் உயிர்பெற்றதும் இயங்குதளம் முதலில் அதைத்தான் படிக்கிறது. படித்ததை அப்படியே நம்புகிறது. "சந்தேகமே படாது சார், பச்சைப் புள்ள."

ஆட்களையும் இந்த முறையில்தான் அறிமுகப்படுத்துகிறார். "இவர் என் கொழுந்தன். மெதுவாப் பேசுங்க, ரெண்டாவது தடவைதான் காதுல ஏறும்" என்று தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார். ஆறிவிட்டதா என்று பார்க்க டம்ளரையும் அதே கையால் பொத்துவார், அதே கண்ணை மூடுவார்.

இரண்டு மேஜை தள்ளி, போர்டுகளை வரைபவர் உட்கார்ந்திருக்கிறார். நாடி அக்காவின் கணவர். வீட்டில் "என்னங்க", அலுவலகத்தில் கறாராக "சார்". காலையில் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, வாசலைத் தாண்டியதும் "குட்மார்னிங் சார்" என்பாராம். சாரும் பதில் வணக்கம் சொல்வாராம்.

நான் போன அன்று அலுவலகமே பூரிப்பில் இருந்தது. இரட்டைக் குழந்தைகளுக்கான புது இன்குபேட்டர் ஒன்று, சோதனை ஓட்டமாக முந்தின நாள்தான் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. ஒரே பெட்டி, இரண்டு படுக்கை. படுக்கைக்கு ஒரு சென்சார், ஒரு ஹீட்டர். குழந்தையின் சூடு இறங்கினால் அதன் ஹீட்டர் ஏறும். அதே மாதிரி இன்னொரு மெஷின் கண்ணாடி மூடியோடு மூலையில் நின்றது. பத்திரிகைக்காரனுக்குப் படம் முக்கியம். குளிர்பெட்டியை விட்டுவிட்டு அந்த மெஷினின் சென்சாரைக் கையில் பிடியுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அதுவா? அது சார் வரைஞ்ச போர்டு. அவர் போர்டுக்கு நான் நாடி பாக்கறதில்ல. பழைய மெஷின் ஃபைல எடுத்து, பேரை மட்டும் மாத்தி விட்டேன்" என்று சிரித்தார். "வீட்ல ஒருத்தரயாவது நம்ப வேண்டாமா?"

"டெஸ்ட்லயும் பாஸ்" என்றார் கணவர், திரும்பாமலே. இரண்டு சென்சாரையும் ஒரே வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தார்களாம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினவாம்.

படத்துக்காக இடது படுக்கையின் சென்சாரை எடுத்துப் பொத்தினார். இடது கண்ணை மூடினார். நான் கேமராவைத் தூக்கினேன்.

திரையில் வலது எண் ஏறியது.

மூடியிருந்த கண் திறந்துகொண்டது. கையைப் பிரித்துப் பார்த்தார், மறுபடி மூடினார். வலதுதான் ஏறியது; இடது எண் அசையவில்லை.

"என்னங்க."

அந்தக் கூடத்தில் யாரும் அதுவரை கேட்டிராத சொல். கணவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். திரையைப் பார்த்ததும் வாய் குழறியது.

"போர்டுல சென்சார் லைன் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு குறுக்க போச்சு. பாக்க அசிங்கமா இருந்துச்சுன்னு இடம் மாத்தி விட்டேன். ரெண்டும் ஒரே சென்சார்தானேன்னு..."

"ஒரே சென்சார்தாங்க. ஒரே குழந்தை இல்லையே."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. இடது குழந்தை குளிர்ந்தால் வலது ஹீட்டர் ஏறும். வலது குழந்தை கொதித்தால் இடது ஹீட்டர் அணையும். அணைய அணைய இந்தக் குழந்தை இன்னும் குளிரும், அந்தக் குழந்தை இன்னும் கொதிக்கும்.

நாடி அக்கா வார்டுக்குப் போன் போட்டார். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தி, மூன்றாவதில் நர்ஸ் கிடைத்தார். ஸ்பீக்கரில் முதலில் கேட்டது ஒரு குழந்தையின் அழுகை.

"நீங்கதானா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். இடதுல இருக்கற பாப்பாவுக்குக் கால் ஜில்லுன்னு இருக்கு, உங்க மெஷின் அதுக்குச் சூடு ஜாஸ்திங்குது. வலதுல இருக்கறது சிவந்துபோய்க் கத்துது. உங்க மெஷின நம்பறதா, என் கைய நம்பறதா?"

"உங்க கைய நம்புங்க சிஸ்டர்! ரெண்டு பேரையும் வெளிய எடுங்க!"

"அதெல்லாம் அப்பவே எடுத்தாச்சு. ரெண்டும் அவங்க அம்மா நெஞ்சுல கெடக்கு. சூடெல்லாம் சரியாயிடுச்சு. இப்ப பாலுக்குத்தான் இந்தக் கத்து. மொதல்ல உங்க பெட்டிய வந்து எடுத்துட்டுப் போங்க."

நாடி அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. டம்ளர் நீட்டியபடியே நின்றது.

பிறகு எழுந்து ஃபைலைத் திறந்தார். இடது என்றிருந்த இடத்தில் வலது, வலது என்றிருந்த இடத்தில் இடது. மாற்றம் அவ்வளவுதான். மெஷினை மறுபடி ஓட்டினார்கள். இம்முறை கணவரே ஒரு சென்சாரை எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"இடது" என்றார். திரையில் இடது எண் ஏறியது.

நாடி அக்கா திரையைப் பார்க்கவில்லை. கணவரின் கையைப் பிடித்து இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே இருந்த சென்சாரின் ஒயரைப் பற்றி, அது இடது படுக்கைக்குள் நுழையும் துளைவரை, விரலால் தடவிக்கொண்டே போனார்.