அண்ணைக்கு ஒரு புள்ளடி

புலம்பெயர்ந்து வந்த லூயிஷாமில் கட்சி வேலை செய்த காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் அகப்பைக்காம்புதான் ஞாபகம் வரும். கதவில் கடிதம் போடும் துவாரத்துக்குள் விரலை விட்டால், உள்ளே நாய் காத்திருக்கும். அதனால் துண்டுப்பிரசுரத்தை மடித்து அகப்பைக்காம்பால் தள்ளிவிடுவோம். இந்த வித்தையை எங்களுக்குக் காட்டித் தந்தவர் அண்ணை. என் கூடப்பிறந்தவர் அல்ல. அந்த வட்டாரத்துத் தமிழர் எல்லாருக்கும் அவர் அண்ணை. அவருடைய மனைவிகூட வாசலில் நின்று, "அண்ணை உள்ள நிக்கிறார், வாங்கோ" என்றுதான் எங்களைக் கூப்பிடுவார்.

நான் வந்த புதிதில், வீட்டுப் பிரச்சினைக்காக என்னைக் கவுன்சிலுக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். போன வேலை முடிந்ததோ இல்லையோ, வரும்போது என்னைக் கட்சியில் சேர்த்துவிட்டார். இப்படித்தான் எங்களில் பாதிப் பேர் அரசியல்வாதி ஆனோம். சனிக்கிழமை காலையில் சந்தைக்கு முன்னால் கூடுவோம். மழை பெய்யாத சனிக்கிழமை இருந்ததாக நினைவில்லை. லிப்ட் வேலை செய்யாத மாடிகளில் ஏறி இறங்கி, நனைந்த கோழியாக அண்ணை வீட்டுக்குப் போனால் சுடச்சுடத் தேத்தண்ணியும் ரோல்ஸும் இருக்கும். அதன்பிறகு எத்தனையோ நல்ல நாட்களைக் கண்டிருக்கிறேன். ஆனாலும் அந்தச் சனிக்கிழமைகளுக்காக என் மனம் இன்றும் ஏங்குகிறது.

பிறகு ஊரில் போர் உச்சத்துக்குப் போனது. கட்சி வாயைத் திறக்கவில்லை என்று அண்ணைக்குக் கோபம். அங்கத்துவ அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, சுயேச்சையாக நின்ற ஒருவருக்காக வீடுவீடாகப் போனார். எனக்கும் அதே கோபம் இருந்தது. நானும் கட்சியை விட்டு விலகி, வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். மன்னார்ப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி மட்டும் கட்சியை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் உதவியாசிரியையாக இருந்தவள். கடைத்தெருவில் நம்மவர்களே அவளைக் காணாதவர்கள் போலப் போனார்கள். "உள்ள இருந்து கத்தினாத்தான் அவங்களுக்குக் கேக்கும்" என்று சொல்லிக்கொண்டு, கூட்டம் தவறாமல் போய்க் கத்தினாள். சனிக்கிழமைகளில் தனியாக மாடி ஏறினாள்.

சில வருடங்களில் அண்ணை கட்சிக்குத் திரும்பி வந்தார். நாங்களும் பின்னால் போனோம். கொஞ்ச நாளில் எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் ஓய்வு பெறப் போவதாகச் சொன்னார். அந்த இடத்துக்குக் கட்சி வேட்பாளரை உறுப்பினர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்ய வேண்டும். அண்ணை பெயர் கொடுத்தார். தங்கச்சியும் கொடுத்தாள்.

எங்களுக்குள் பெரிய பட்டிமன்றமே நடந்தது. மூப்புப் பார்த்தால் அண்ணைதான். எங்களைக் கட்சிக்குக் கொண்டுவந்தவரே அவர். விசுவாசம் பார்த்தால் தங்கச்சி. மூப்பை முதல் அட்டையிலிருந்து எண்ணுவதா, இரண்டாவது அட்டையிலிருந்து எண்ணுவதா என்று ஒருவர் கேட்டார். அவர் கணக்காளர், அப்படித்தான் கேட்பார். "அண்ணை எண்டு கூப்பிட்ட வாயால வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றார் இன்னொருவர். எனக்குச் சினம் வந்தது. கவுன்சிலர் வேலை என்ன, கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரையா, வயது பார்த்துக் கொடுப்பதற்கு?

ஆனால் அண்ணைக்கு அது வெறும் கதிரை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எழுபதைத் தாண்டியிருந்தார், இதயத்தில் ஒரு சத்திரசிகிச்சையும் முடிந்திருந்தது. இந்த முறை விட்டால் இனி இல்லை. இத்தனை வருடமாக அடுத்தவர் பெயரைத் துவாரங்களுக்குள் தள்ளியவர், ஒரே ஒரு முறை தன் பெயர் அச்சில் இருப்பதைப் பார்க்க ஆசைப்பட்டார். அதிலென்ன பிழை?

பின்னால் இருந்து முதுகில் குத்துவது எனக்குப் பிடிக்காது. கூட்டத்துக்கு முதல்நாள் நேரே போய்ச் சொன்னேன்.

"அண்ணை, கோவிக்காதையுங்கோ. என்ர வாக்கு அவவுக்குத்தான். நாங்கள் எல்லாரும் விட்டுட்டுப் போகேக்குள்ள அவ நிண்டவ."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேர வந்து சொன்னீர், அது காணும். நாளைக்கு உம்மட காரிலதான் வருவன். பஸ்ஸில என்னால ஏலாது" என்றார்.

கூட்டம் சமூக நிலைய மண்டபத்தில். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. அப்போது அங்கே ஹீட்டர் சூட்டைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தந்தது. இருவரும் பேசினார்கள். அண்ணை நன்றாகப் பேசினார், தங்கச்சி சுருக்கமாகப் பேசினாள். பிறகு வாக்குச்சீட்டுத் தந்தார்கள். விருப்பமான பெயருக்கு நேரே போடும் பெருக்கல் குறியை நாங்கள் புள்ளடி என்போம். நான் என் புள்ளடியைப் போட்டேன். எனக்கு அடுத்த கதிரையில் இருந்த தங்கச்சி சீட்டை மறைக்கக்கூட இல்லை. பேனையை எடுத்தாள், தன் பெயருக்கு நேரே பட்டென்று போட்டாள், மடித்துக் கொடுத்துவிட்டாள்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி முடிவை வாசித்தார். ஒரே ஒரு வாக்கால் தங்கச்சி வென்றாள். அண்ணைதான் முதலில் எழும்பிக் கை தட்டினார்.

அண்ணையைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். இன்றைக்கும் அந்த வாக்கை நான் அவளுக்குத்தான் போடுவேன், அதில் மாற்றமில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கு என்னுடையதாக இருந்துவிட்டதே.

"அண்ணை, என்ர ஒண்டாலதான் உங்களுக்குப் போச்சு."

"விசர்க்கதை கதையாதையும். என்ரையும் அவவுக்குத்தான்."

சிவப்பு விளக்கில் சடாரென்று பிரேக் போட்டேன். "என்னண்ணை சொல்லுறியள்? உங்களுக்கு நீங்கள் போடேல்லையோ?"

"தன்ர பேருக்குத் தானே புள்ளடி போடுறதே? பந்தியில இருந்துகொண்டு தனக்குத் தானே அள்ளிப் போடுற மாதிரி. பேனையைப் பிடிச்சுக்கொண்டு கன நேரம் இருந்தன். வெக்கமாக் கிடந்துது."

அவர் தன் பெயருக்குப் போட்டிருந்தால் அதே ஒரு வாக்கால் அவர் வென்றிருப்பார். அது அவருக்கும் தெரியும். இருந்தும் அவர் முகத்தில் கவலையைக் காணவில்லை. அதைப் பார்க்க எனக்கு இன்னும் கவலையாக இருந்தது.

"ஒண்டும் நட்டமில்லை" என்றார் அண்ணை. "அவவும் எனக்குத்தான் போட்டிருப்பா. மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

விளக்கு பச்சையானது.

"ஓம் அண்ணை" என்றேன்.