கல்லின்மேல் நின்று வேண்டிக்கொண்ட மொட்டை

இன்று காலை கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒரு பாம்பு. கருத்த உடம்பில் வெள்ளை வளையங்கள். கட்டுவிரியனேதான் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த நொடி அதே கல்லின்மேல் நின்றிருந்தேன். மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, “முருகா, இது ஒண்ணும் பண்ணாம போயிட்டா மொட்டை போட்டுக்கறேன்!” என்று கத்தினேன்.

பாம்பு அசையவில்லை. நானும்தான். நின்ற இடத்திலிருந்தே கைபேசியில் அதைப் படமெடுத்து, பாம்புகளை அடையாளம் சொல்லும் குழுவுக்கு அனுப்பினேன்.

“வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லை. வளையங்கள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று இருந்து, வால் பக்கம் மங்குகின்றன, பாருங்கள். கட்டுவிரியனுக்கு நேரெதிர்” என்று பதில் வந்தது.

அதற்குள் பாம்பு வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. தெம்பாக இறங்கி வந்து மனைவியிடம் சொன்னேன்: “விஷமே இல்லியாம். அப்ப வேண்டுதலும் செல்லாது.”

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “விஷம் இருந்தாத்தான் மொட்டைன்னா சொன்னீங்க? ஒண்ணும் பண்ணாம போனா மொட்டைன்னுதான கத்திக்கினு இருந்தீங்க. அதான் போயிடுச்சே.”

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “ஆங், எனக்கும் கேட்டுச்சு. என்னிக்கு மலைக்குப் போறீங்க?”

படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் பெரிதாக்கிப் பார்த்து, கொஞ்சமாவது கட்டுவிரியன் ஜாடை தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

தலையில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம். அது விஷப் பாம்புக்காகப் போனதாகவாவது இருக்கட்டும்.